இருபது மில்லி போல்ட்டும் அரை இஞ்ச் குழாயும்

எல்லா மரையும் பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். உலகத்தில் பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் சம்பளம் இதனால்தான் வருகிறது. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. போல்ட்டு, நட்டு, அவற்றில் வெட்டிய மரை. வாரத்தில் ஆறு நாள் இதையே பார்க்கிறேன். ('மரை' என்ற சொல்லை வைத்து என்னை எப்படியெல்லாம் கிண்டல் செய்யலாமோ அத்தனையையும் என் மனைவி வீட்டார் கல்யாணமான முதல் வருடத்திலேயே செய்து முடித்துவிட்டார்கள். புதிதாக எதுவும் மிச்சமில்லை.)

என் வேலை எளிது. சரியான மரை கொண்ட ஓர் அளவுத் துண்டு இருக்கும். அதற்குக் கேஜ் என்று பெயர். அதைச் சோதிக்க வேண்டிய துண்டில் வைத்து விரல் நுனியால் சுற்ற வேண்டும். வழுக்கிக்கொண்டு கடைசிவரை போனால் சரி. இரண்டு சுற்றில் இறுகி நின்றுவிட்டால் தப்பு. துண்டு சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும். "இறுகுவது பொருந்துவது ஆகாது" என்று புதிதாகச் சேருபவர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். அந்தப் பாடம் எடுக்கிறவன் சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பெருமாள் கோயிலில் தன் சொந்த வீட்டில் என்ன செய்தான் என்பதை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். வீட்டில் மற்றவர்கள் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் தண்ணீர் மட்டம் உயர்ந்துகொண்டே போகிறது. ஆகவே நானே எழுதுகிறேன்.

என் மனைவி மாலதியின் தங்கை சுதா அப்போது எங்களோடுதான் இருந்தாள். சிறுசேரியில் வேலை. அதே அலுவலகத்தில் கார்த்திக் என்ற பையன். இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது. எங்கள் பக்கம் எல்லோருக்கும் சம்மதம். பையனின் அப்பா தங்கராஜுக்கும் சம்மதம். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பராமரிப்புப் பிரிவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா ராஜேஸ்வரிக்கு மட்டும் சம்மதம் இல்லை. மதுரையில் இருக்கும் தன் அண்ணன் மகளை மனதில் வைத்திருந்தார். "வந்து பாக்குறேன். எனக்குப் பிடிச்சா சரி, இல்லேன்னா அதோட விட்டுடணும்" என்று மகனிடம் சொல்லிவிட்டார். அவனும் ஒப்புக்கொண்டிருந்தான். சுதா அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர்கள் வரப்போகும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்ரூம் குழாய் சொட்டியது. அது பல மாதங்களாகச் சொட்டிக்கொண்டிருந்ததுதான். என் மாமனார் மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் நாளே வந்திருந்தார். புது வெள்ளைச் சட்டையோடு பாத்ரூம் வாசலில் நின்று பார்த்தார்.

"இன்னா மாப்ள, கொயா இப்டி ஒழுவினு கீது? வர்றவங்க இன்னா நெனப்பாங்க?"

"ப்ளம்பரைக் கூப்பிடுங்க" என்றாள் மாலதி.

"ஒரு துணிய இறுக்கிக் கட்டி வுடு, போறும்" என்றார் மாமனார்.

எனக்கு அன்று தேவைப்பட்டது தூக்கம் ஒன்றுதான். முந்தின நாள் இரண்டாம் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவன். ஆனாலும், மரை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் ஒரு குழாய்க்கு ப்ளம்பரைக் கூப்பிடுவதா என்று உள்ளே ஒருவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடினேன். பழைய குழாயைக் கழற்றினேன். அதன் மரையை வெர்னியர் வைத்து அளந்தேன். (ஆமாம், வீட்டில் வெர்னியர் இருக்கிறது.) வெளி விட்டம் இருபது புள்ளி ஒன்பது மில்லிமீட்டர். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி ஒன்று புள்ளி எட்டு. மில்லிமீட்டர் கணக்கில் அப்படி ஒரு மரையே கிடையாது என்பது அப்போதே உறைத்திருக்க வேண்டும். தேய்ந்துபோன குழாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைக்குப் பழைய குழாயை எடுத்துப் போகவில்லை. அளவு மனதில் இருக்கும்போது பொருளை எதற்குச் சுமப்பது?

ஹார்டுவேர் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னா சைஸு சார்?"

"இருபது புள்ளி ஒன்பது."

இப்போது நிமிர்ந்தார். "கொயா தானே கேக்குறே? அரையா முக்காவா, அத்த சொல்லு. பின்னால ஆளுங்க நின்னுகினு கீறாங்க."

மனதுக்குள் மில்லிமீட்டரை அங்குலமாக்கினேன். பூஜ்யம் புள்ளி எட்டு இரண்டு. அரைக்கு வெகு தூரம், முக்காலுக்குப் பக்கம். "முக்கால்" என்றேன், தீர்ப்பு சொல்வதுபோல.

"டப்பாவப் பிரிச்சா ரிட்டன் கெடையாது."

"தேவைப்படாது" என்றேன்.

வீட்டுக்கு வந்து டப்பாவைப் பிரித்தேன். புதுக் குழாயின் மரை சுவரில் இருந்த துவாரத்துக்கு வெளியே எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. நுழைவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

"ஏங்க, சமையல்கட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. காபிக்கு என்ன பண்றது? வால்வத் திறங்க!" என்று மாலதி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

திறக்க வேண்டுமானால் முதலில் சுவரில் இருந்த துவாரத்தை அடைக்க வேண்டும். மேசைமேல் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு போல்ட் வைத்திருந்தேன். இருபது மில்லி. துவாரத்தில் வைத்துப் பார்த்தேன், பக்கத்தில் வந்தது. ப்ளம்பர்கள் கசியாமல் இருக்கச் சுற்றும் வெள்ளை டேப்பை அதன்மேல் தாராளமாகச் சுற்றித் திருகினேன். ஒரு சுற்று போனது. இரண்டாவது சுற்றில் இறுகி நின்றது.

'இறுகிடுச்சு' என்று சந்தோஷப்பட்டேன். என் தொழிற்சாலையில் அந்தச் சந்தோஷத்துக்கு வைத்திருக்கும் பெட்டி சிவப்பு நிறம்.

வால்வைத் திறந்தேன். போல்ட்டைச் சுற்றி லேசாகக் கசிந்தது, அவ்வளவுதான். சட்டை மாற்றிக்கொண்டு ஹாலுக்குப் போனேன்.

ராஜேஸ்வரி அம்மாள் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார், எழுந்து போகத் தயாராக இருப்பவர்போல. சுதா காபி கொடுத்தாள். "சமைக்கத் தெரியுமா?" என்றார். "சுமாரா தெரியும் ஆன்ட்டி" என்றாள் சுதா. கார்த்திக் தரையைப் பார்த்தான். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

அந்த அமைதியைப் போக்குவதாக நினைத்துக்கொண்டு தங்கராஜ் என்னிடம், "தம்பிக்கு என்ன வேலை?" என்று கேட்டார். மரை என்றேன். அந்த மனிதரின் முகம் மலர்ந்ததை நான் மறக்கவே முடியாது. ஓய்வு பெற்ற பிறகு யாரும் அவரிடம் மரையைப் பற்றிப் பேசியதில்லை போலிருக்கிறது. பேசினோம். ஜாக்கியில் ஏன் சதுர மரை? பாரம் தூக்க வேண்டும், வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். போல்ட்டில் ஏன் முக்கோண மரை? நகரக் கூடாது, பிடித்துக்கொள்ள வேண்டும். அதிரும் இடத்தில் ஏன் நெருக்கமான மரை? எளிதில் தளராது. சைக்கிளின் இடது பெடலில் மட்டும் ஏன் எதிர்ப்பக்கம் சுற்றும் மரை? இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்கக் கழன்று வந்துவிடும்.

ராஜேஸ்வரி அம்மாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொண்ணு பார்க்க வந்த இடத்தில் சைக்கிள் பெடலைப் பற்றிப் பேச்சு ஓடியது. மாலதி என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. நான் நிறுத்தவில்லை. "இப்பக்கூட பாத்ரூம்ல ஒரு போல்ட்டை வச்சே குழாயை அடைச்சிட்டேன் சார்" என்றேன்.

"போல்ட்டா? குழாய்லயா?" தங்கராஜ் எழுந்துவிட்டார். "எங்க, காட்டுங்க."

பாத்ரூமில் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, இது அரை இஞ்ச் லைன்."

"இல்ல சார், நான் அளந்தேன். இருபத்தொண்ணு மில்லி."

"அரை இஞ்சுங்கறது பைப்போட உள்பக்கத்துக்கு வச்ச பேரு. வெளி மரை இருபத்தொண்ணு கிட்டத்தான் வரும். நீங்க மரையை அளந்துட்டு அதையே சைஸுன்னு நெனச்சிட்டீங்க."

பிரித்துப் போட்டிருந்த முக்கால் இஞ்ச் டப்பாவைக் காலால் மூலைக்குத் தள்ளினேன்.

"சரி, விடுங்க. லேசா கசியுது. இன்னும் அரைச் சுத்து போகும்போல இருக்கு. ஸ்பேனர் இருக்கா?"

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டு மரையும் வேறு வேறு என்று அவருக்குத் தெரியும். தப்பான மரையை முறுக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் இதில் பல வருடம் குப்பை கொட்டியவர்கள். நான் போய் ஸ்பேனரைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் வாங்கி முறுக்கினார்.

'கடக்' என்றது. பித்தளையில் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு மரையும் நசுங்கி, போல்ட் அவர் காலடியில் விழுந்தது. தண்ணீர் நேராக அவர் மார்பில் அடித்தது.

அவர் உள்ளங்கையால் பொத்தினார். தண்ணீர் விரலிடுக்கு வழியாக என் முகத்துக்கு வந்தது. நான் பொத்தினேன். அது அவர் கண்ணாடிக்குப் போனது.

"பாத்தீங்களா, பைப் மரைக்கு ஐம்பத்தஞ்சு டிகிரி, உங்க போல்ட்டுக்கு அறுபது. கோணமே வேற!" என்றார், தண்ணீரைத் துப்பிக்கொண்டே.

"கோணம் இல்ல சார், இடைவெளிதான் காரணம். ரெண்டரை எங்க, ஒண்ணே முக்கா சொச்சம் எங்க!"

"ரெண்டும்தான் தம்பி, ரெண்டும்தான்!"

தண்ணீர் வாசல்படியைத் தாண்டி ஹாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. "அய்யய்யோ, ஏரி ஒட்ச்சிகிச்சி!" என்று மாமனார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சோபாமேல் ஏறினார். மாலதி கேசரித் தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டாள். கார்த்திக் மொட்டைமாடிக்கு ஓடினான். மேலிருந்து அவன் குரல் கேட்டது: "வால்வு சுத்திக்கிட்டே இருக்கு! மூட மாட்டேங்குது!"

"உள்ள தண்டோட மரை தேஞ்சு போச்சு" என்று தங்கராஜ் என் காதருகே சொன்னார். "அதுவும் தூக்கி இறக்குற மரைதான். இப்பத்தான் ஹால்ல பேசினோம்." அந்த நிலையிலும் அவருக்கு அதில் ஒரு திருப்தி.

அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. "மாமா, ரெண்டு பேரும் கொஞ்சம் நகருங்க."

சுதா. பட்டுப்புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தாள். கையில் ஒரு கேரட், மதியப் பொரியலுக்கு வைத்திருந்தது. கூரான பக்கத்தைத் துவாரத்தில் செருகி, உள்ளங்கையால் ஓங்கி ஒரு குத்து விட்டாள். மறுபடியும் ஒன்று.

தண்ணீர் நின்றது.

நானும் தங்கராஜும் அந்தக் கேரட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். கசிவே இல்லை. "டேப்பர்" என்றார் அவர் மெதுவாக. சரிவாக இருப்பது உள்ளே போகப் போக அடைத்துக்கொள்ளும். பைப் மரையில் சில வகைகளைச் சரிவாக வெட்டுவது இதற்காகத்தான். எனக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

பாத்ரூம் வாசலில் ராஜேஸ்வரி அம்மாள் நின்றிருந்தார். புடவை ஓரம் நனைந்திருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சுதாவும் முகம் வெளுத்துப்போய், தூக்கிச் செருகிய புடவையை அவசரமாக இறக்கிவிட்டாள்.

"கேரட் வைக்கச் சொல்லி யார் சொன்னா?"

"யாரும் சொல்லல ஆன்ட்டி. கைக்குக் கெடைச்சது."

"கேரட் இல்லாட்டி?"

"முள்ளங்கி இருந்துச்சு."

அந்த அம்மாள் தன் கணவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்புறம் மாலதியின் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்லயும் இதே கூத்துதான்மா. போன வருசம் கீசர்ல கைவச்சாரு. ஆறு மாசம் டாய்லெட்ல வெந்நீர் வந்துச்சு. எங்க அண்ணன் மக தங்கமான பொண்ணு, ஆனா இந்த மனுசன் ஸ்பேனரைத் தூக்கினா உக்காந்து அழுதுரும். எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்."

சோபாமேலிருந்து மாமனார், "அப்போ கேசரிய எறக்கு" என்றார்.

சாயங்காலம் ப்ளம்பர் வந்து சுவரை உடைத்துப் புது இணைப்பு வைத்தார். கேரட்டைப் பிடுங்க அவருக்கும் சிரமமாகத்தான் இருந்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இன்றுவரை இரண்டு குடும்பத்திலும் யாரும் என்னை ஒரு பாட்டில் மூடியைத் திறக்கக்கூடக் கூப்பிடுவதில்லை. மனசுக்குள் இது எனக்கு ஒரு நிம்மதிதான்.

போன மாதம் மாமல்லபுரம் பக்கம் தங்கராஜ் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு எல்லோரும் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டு நான் கை கழுவப் போனேன். அவரும் அதே நேரத்தில் கை கழுவ வந்தார். வேறு எந்த எண்ணமும் எங்கள் இருவருக்கும் இல்லை. சுதாவின் ஐந்து வயது மகள் ஹாலிலிருந்து பார்த்துவிட்டு வீடே அதிரக் கத்தினாள்:

"பாட்டீ! தாத்தாவும் பெரியப்பாவும் ஒண்ணா பாத்ரூமுக்குள்ள போறாங்க!"

சமையலறையில் யாரோ ஃப்ரிட்ஜைத் திறந்து காய்கறித் தட்டை இழுக்கும் சத்தம் கேட்டது.