காலியாக விடக்கூடாத கட்டம்

"ஏம்மா மாரென், மிசஸ் ஹாகனோட புருஷன் எங்க போயிட்டார்?"

கல்லறை ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் ஹால்வர் கேட்டதும் மாரென் திரையைத் துழாவினாள். ஹாகன் எங்கேயும் போகவில்லை. மின்னசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில், தேவாலயத்துக் கல்லறையில், மனைவிக்குக் கீழே ஆடாமல் அசையாமல் படுத்துத்தான் இருந்தார். அவர் காணாமல் போனது கம்ப்யூட்டரில்.

கல்லறை ஆபீசின் பழைய அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, பள்ளிக்கூடம் விட்டதும் மாரெனின் வேலை. ஆளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் வேறு எந்த வரிக்கும் இல்லாத ஓர் அடையாளம் வேண்டும். அதற்குப் பேர் பிரைமரி கீ. அவள் குழியின் எண்ணை அடையாளமாக வைத்தாள். ஒரே குழியில் இரண்டு பேர் இருப்பார்கள் என்று தோன்றவில்லை. மனைவியை ஏற்றினாள், கணவர் அழிந்துபோனார்.

"பேரையே வச்சுடறேன் சார்."

"ஆஸ்கர் நெல்சன் இந்த ஊர்ல எத்தனை பேருன்னு தெரியுமா? கண்ணை மூடிட்டுக் கையை நீட்டினா ஒரு ஆஸ்கர் நெல்சன் மேல படும். மண்ணுக்கு மேலயும் சரி, கீழயும் சரி."

"அப்ப பேரும் செத்த தேதியும் சேர்த்து?"

ஹால்வர் காப்பியை உறிஞ்சிக்கொண்டே யோசித்தார். "ஒரே பேர்ல ரெண்டு பேர் ஒரே நாள்ல சாகறது கஷ்டம்தான்."

ஆனால் சில அட்டைகளில் செத்த தேதியே இல்லை. உயிரோடு இருக்கும்போதே இடம் வாங்கிப் போட்டவர்கள் என்று மாரென் புரிந்துகொண்டாள். அவளுடைய அப்பாவும் வாங்கியிருந்தார். கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அடையாளம் காலியாக இருக்கக் கூடாதாம். அவளுக்கோ வீட்டுக்குப் போகும் அவசரம். இப்போதைக்கு ஏதோ ஒன்று இருக்கட்டும் என்று எல்லோருக்கும் வருகிற வெள்ளிக்கிழமையைப் போட்டாள். அதிலும் இரண்டு ஆஸ்கர் நெல்சன்கள் மோதிக்கொண்டார்கள். ஒருவரைச் சனிக்கிழமைக்குத் தள்ளினாள்.

அந்தக் கட்டத்தில் இருக்கும் தேதி நெருங்கினால், அடக்கத்தை நினைவூட்டி வீட்டுக்குத் தானாகவே மெயில் போய்விடும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஆபீஸ் வாசலில் வரிசை நின்றது. அந்த ஊர்க்காரர்கள் சண்டை போட மாட்டார்கள். குரலைக்கூட உயர்த்த மாட்டார்கள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"தொந்தரவுன்னு நினைக்காதே கண்ணு," என்று ஒரு பாட்டி கேக் தட்டை மேசையில் வைத்தாள். "நாளைக்கு எனக்குத் தோதுப்படாது. ஜூன்ல பேத்தி கல்யாணம்."

"எனக்கு மீன்பிடி சீசன் தொடங்கட்டும்," என்றார் அடுத்தவர். "மொத வாரம் போதும். அதுக்கு மேல ஆசைப்படலை."

"அந்த ஆஸ்கருக்கு மட்டும் ஒரு நாள் ஜாஸ்தி குடுத்திருக்கே," என்றார் இந்த ஆஸ்கர். "அவன் என்ன, உனக்குச் சொந்தமா?"

மாரென் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஒவ்வொருவரையும் எட்டாத வருஷத்துக்குத் தள்ளினாள். சாயங்காலம் எல்லோரும் போனார்கள். ஹால்வரும் கிளம்பினார். மேசைக்கு எதிரே கறுப்பு சூட் போட்ட கிழவர் ஒருவர் மட்டும் நின்றார். கதவு திறந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

"ஆர்விட் லின்ட்கிரன். என் தேதியும் தப்பா இருக்கும்மா."

"சாரி சார். எவ்வளவு தூரம் தள்ளட்டும்?"

"தள்ளாதே. முன்னாடி கொண்டு வா."

"முன்னாடியா? நாளைக்கே வெள்ளிக்கிழமை சார்!"

"தெரியும். ஆனா சரியா இருக்கணும் பாரு."

யாருமில்லாத மனுஷன், மனசு விட்டுப்போய்ப் பேசுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. "நீங்க எங்க இருக்கீங்க சார்? முதியோர் இல்லத்துலயா?"

"அந்த மாதிரிதான். ஹீட்டர் கிடையாது. கூட நாலஞ்சு பேர் இருக்காங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கறதில்லை."

"இருங்க, எண்பது வருஷம் தள்ளிப் போட்டுடறேன்!"

"ஐயோ, வேண்டாம்மா!" அவர் முகம் வெளுத்துவிட்டது. "வெள்ளிக்கிழமையே இருக்கட்டும். புண்ணியமாப் போகும்."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். நிமிர்ந்தபோது அவர் இல்லை.

மறுநாள் அவள் ஆபீசுக்குள் நுழையும்போதே தேவாலயத்தில் சாவு மணி அடித்தது.

"யாருக்கு சார்?"

"ஆர்விட் லின்ட்கிரனுக்கு," என்றார் ஹால்வர், டையைத் தளர்த்தியபடி. "இப்பத்தான் அடக்கம் முடிஞ்சுது. தங்கமான மனுஷன்."

மாரெனுக்குத் தான் போட்ட வெள்ளிக்கிழமைதான் ஞாபகம் வந்தது. அவள் தட்டிய தேதி பலித்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. வரிசையில் வந்தவர்களுக்கு மட்டும்தான் அவள் தேதி மாற்றியிருந்தாள். அப்பா வரவில்லை. அப்பாவுக்கும் இன்றைக்குத்தான். உடனே வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அப்பா! எங்க இருக்கீங்க?"

"கூரை மேல. குளிர்ல ஓடு விரிசல் விட்டிருக்கு."

"உடனே இறங்குங்க! இல்ல, இறங்காதீங்க! ஏணியில காலை வைக்காதீங்க!"

"இறங்கவா, இருக்கவா? ஏதாவது ஒண்ணு சொல்லுடி."

"அசையாம உட்காருங்க!"

அப்பாவை அடுத்த நூற்றாண்டுக்குத் தள்ளிவிட்டு, கல்லறைக்கு ஓடினாள். எல்லோரும் போயிருந்தார்கள். குழி வெட்டும் டுவேன் மட்டும் ஆர்விட்டின் குழியில் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"டுவேன் அண்ணா, நான்தான் அவரைக் கொன்னுட்டேன்! தேதி காலியா இருந்துச்சுன்னு வெள்ளிக்கிழமையைப் போட்டேன். நேத்து அவரே ஆபீசுக்கு வந்தார். அப்பவே மாத்தியிருக்கணும்!"

டுவேன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"அழாதே கண்ணு. குளிர்காலம் முழுக்க மண்ணு இரும்பாட்டம் உறைஞ்சு கிடந்துச்சு, குழி வெட்ட முடியலை. அதான் இப்ப மண்ணு இளகற வரைக்கும் அவர் உடம்பைப் பின்னாடி கல் அறையில, செத்துப்போன மத்த நாலஞ்சு பேரோட வச்சிருந்தோம். புதைச்சப்புறம்தான் அட்டையில தேதி எழுதறது வழக்கம். ஆர்விட் செத்தது ஜனவரியிலம்மா."