விமானத்தின் வயிற்றில் நான் போட்ட ஓட்டை

பள்ளிக்கூடமே பார்த்திராத குடும்பத்தில் முதல் ஆளாகப் படித்துவிட்டால், உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருந்தது. அந்த எண்ணத்தில்தான் ஒரு விமானத்தில் ஓட்டை போட்டேன்.

அறுபதுகளின் நடுவில், டிப்ளமா முடித்த கையோடு பம்பாயில் ஒரு சின்ன விமானப் பட்டறையில் சேர்ந்தேன். மூன்று மாதம் சோதனைக்காலம். தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, "எம்மவ ஏரோப்ளேனுக்கு வைத்தியம் பாக்கா" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். (ஊசி போடுவேன் என்றுகூடச் சிலர் நம்பினார்கள்.) வேலை நிரந்தரமாகாவிட்டால் அந்தத் தெருவில் நான் எப்படி நடப்பது?

சோதனைக்காலம் முடிய ஒரு வாரம் இருந்தபோது, தலைமை எஞ்சினியர் வெங்கட்ராமன் சார் கூப்பிட்டார். தமிழர்கள் நிறைந்த மாட்டுங்கா பேட்டைக்காரர். கோபத்தில்கூடக் குரல் உயராது, அதுதான் பயம்.

"இந்த நாலு சீட் விமானத்துக்கு, வெளிக்காத்தோட சூட்டைக் காட்டற தெர்மாமீட்டர் மாட்டணும்மா. மீட்டர் பைலட் முன்னாடி, புரோப் வெளியில. எங்கன்னு நீயே பாரு. சாக்பீஸால குறி போட்டு எங்கிட்ட காட்டு. அப்புறம் ஓட்டை போடலாம்."

புரோப் என்பது விரல் நீளக் குச்சி. காற்று சூடாக இருந்தால் விமானம் சோம்பேறியாகி, மேலே எழும்ப நீளமான ஓடுபாதை கேட்கும். அதனால் பைலட்டுக்கு அந்தக் குச்சி பொய் சொல்லக் கூடாது.

தகரக் கூரைக்கடியில் வளர்ந்தவளுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: வெயிலில் வைத்த தெர்மாமீட்டர் காற்றின் சூட்டைக் காட்டாது. ஆக, நிழல் வேண்டும். விமானத்தில் எந்நேரமும் நிழலாக இருப்பது எது? வயிறு! குனிந்து பார்த்தேன். குளுகுளுவென்றிருந்தது. ஒயரும் கொஞ்சம்தான் பிடிக்கும். இவ்வளவு தெளிவான விஷயத்துக்குச் சாக்பீஸ் எதற்கு? டிரில்லை எடுத்தேன்.

மாட்டி முடித்ததும் மீட்டர் முப்பத்தொன்று காட்டியது. பட்டறைச் சுவரில் தொங்கியதும் முப்பத்தொன்று. எனக்கு நானே மாலை போட்டுக்கொள்ளாத குறை.

மறுநாள் காலை கேப்டன் சோதனைக்காக மேலே போனார். பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"அரே வெங்கட்! யே ஜஹாஸ் ஹை யா தந்தூர்?" என்று கத்திக்கொண்டே இறங்கினார். (இது விமானமா, ரொட்டி சுடும் அடுப்பா என்கிறார்.) மூவாயிரம் அடி உயரத்தில் மீட்டர் அறுபத்தாறு காட்டியதாம். எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

சார் விமானத்தின் அடியில் குனிந்தார். நானும் குனிந்தேன். என் புரோப்புக்கு ஒரு முழம் முன்னால், நேர்கோட்டில், எஞ்சினின் புகைக்குழாய் வாயைத் திறந்துகொண்டு நின்றது. முந்தின நாள் எஞ்சின் ஓடவில்லை. எனக்கு அது வெறும் குழாயாகத்தான் தெரிந்தது.

"சாக்பீஸ் குறியை எப்பம்மா காட்டினே?"

"நீங்க அப்ப ஊர்ல இல்ல சார்" என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன். (அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார்.)

"காட்டல சார். நானே போட்டுட்டேன்."

"சரி. இப்ப எங்க வைப்பே?"

"றெக்கைக்கு அடியில சார். நிழலும் இருக்கும், புகையும் வராது. எஞ்சின் சூட்டைப் புரொப்பெல்லர் பின்னால தள்ளுதுல்ல, அதுவும் எட்டாத தூரத்துல."

"குறி போட்டுட்டு வா. வயித்து ஓட்டைக்கு நீயே ஒட்டுப் போடு. சாயங்காலம் ஆபீஸ்ல கன்ஃபர்மேஷன் லெட்டரை வாங்கிக்கோ. நேத்தே டைப் ஆயிடுத்து. பொய் சொல்லியிருந்தா இப்ப கிழிச்சிருப்பேன்."

சாக்பீஸை எடுத்துக்கொண்டு றெக்கைக்கு அடியில் போனேன். குறி போட்டு, சார் வந்து பார்த்துத் தலையாட்டும்வரை டிரில்லைத் தொடவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா ஒன்றுதான் கேட்டார்: "ஒட்டு கெட்டியா போட்டியாட்டி?"

"போட்டேம்ப்பா."

"பெறவென்ன? நாங்க மட்டும் தோலக் கிழிக்காமயா வேலை படிச்சோம்!"

மறுநாளே தெரு முழுக்க அதையும் சொன்னார்.

அந்த வருஷ மழைக்காலத்தில் எனக்குக் கடும் காய்ச்சல். தெர்மாமீட்டரை வாயிலிருந்து எடுத்து, "நூத்தி மூணு" என்றேன். அண்ணன் அசையவில்லை.

"ஏட்டி, அடுப்புப் பக்கம் நின்னியா?"

"எதுக்கும் எடத்த மாத்தி வச்சிப் பாரு தாயி" என்றாள் அம்மா.

போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே கையிடுக்கில் வைத்துப் பார்த்தேன். அப்புறம்தான் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்.