எட்டாவது வரி

வெளிநாட்டுப் பயணிகள் எக்காரணம் கொண்டும் மனம் கோணலாகாது என்ற உயரிய நோக்கில், புதுக்கோட்டையில் ஓர் அலுவலகம் சுற்றறிக்கை விட்டது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். எனக்கு அங்கே இன்னும் காரியம் ஆக வேண்டியிருக்கிறது. போன வருஷம் எங்கள் ஊர்க் கல்கோயிலுக்கு ஒரு பஸ் நிறையப் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்களாம். ஆகவே, ‘குட்மார்னிங்’, ‘தேங்க்யூ’ முதலான பத்து எளிய ஆங்கில வாக்கியங்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, சான்றொப்பம் பெற்று, கோயில் வாசல் கடைகளில் பலகையாக மாட்ட வேண்டும். மாட்டாத கடை வெள்ளிக்கிழமை அகற்றப்படும்.

செவந்திக்கு இளநீர்க் கடையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. ஆவூருக்கு பஸ் ஏறி, காரைக்காலில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஜெரால்டிடம் எழுதி வாங்கிப் பலகையை மாட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜீப்பில் வந்த கண்காணிப்பாளர் ஆத்மநாதன், மூன்று இளநீர் குடித்தபடி பலகையை ஆராய்ந்தார்.

“சான்றொப்பம் எங்கம்மா?”

“பிரெஞ்சு வாத்தியாரே எழுதினது சார்.”

“எழுதினவரே சான்று தர முடியாது. பிரெஞ்சு தெரிஞ்ச அதிகாரி தரணும்.”

“ஒங்க ஆபீஸ்ல யாருக்கு சார் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. அதனாலதான் இதுவரைக்கும் ஒரு தப்பும் நடக்கல.”

கடையைப் பிரிக்க ஆள் இறங்கியபோது, சொல்லிவைத்தாற்போல் ஒரு பிரெஞ்சு அம்மாள் வந்தார். பலகையை வாய்விட்டுப் படித்துத் தலையாட்டினார். செவந்திக்கு உயிர் வந்தது. ஆத்மநாதன் அந்த அம்மாளின் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினார்.

“பிரான்ஸ் பிரஜைன்னுதான் போட்டிருக்கு. பிரெஞ்சு தெரியும்னு போடலையே.”

அந்த அம்மாளோ அவசரமாக எட்டாவது வரியைத் தொட்டுக் காட்டினார். ‘கழிப்பறை எங்கே இருக்கிறது?’ ஆத்மநாதன் சுற்றறிக்கையைப் பார்த்தார். வணக்கமும் நன்றியும் கேள்விகளும் மட்டுமே முதல் கட்டம். பதில்கள் இரண்டாம் கட்டத்தில்தான் வருகின்றன. கோயில் பக்கத்தில் கழிப்பறை எந்தக் கட்டத்திலும் இல்லை. செவந்திதான் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் மூன்று இளநீரும் தம் கடமையைச் செய்திருந்தன. ஆத்மநாதன் அவளைத் தனியே அழைத்து, அதே கேள்வியைத் தமிழில் மெல்லக் கேட்டார்.

செவந்தி பலகையைக் காட்டினாள். “எட்டாவது வரி சரியான்னு பாத்துச் சொல்லுங்க சார். வீட்டுச் சாவி எங்கிட்டதான் இருக்கு.”

அந்த அலுவலக வரலாற்றில் அவ்வளவு சீக்கிரம் ஒரு கையெழுத்து விழுந்ததே இல்லை.

இப்போது பதினோரு கடைகளிலும் அதே பலகை, சான்றொப்பத்தோடு தொங்குகிறது. கழிப்பறை கேட்டு இருபது வருஷமாகத் தமிழில் மனு எழுதிய நாங்களும் குடும்பத்தோடு அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தச் சந்தோஷத்தில் இந்த வருஷம் மனு எழுத மறந்துவிட்டோம்.