ஸ்டிக்கர் கண் திறந்தது

அந்த மாதம் எங்கள் தெருவில் ஒரு விபத்துகூட நடக்கவில்லை. ஏன் தெரியுமா? எந்த வண்டியும் நகரவே இல்லை. எல்லாம் காப்புக்கண்ணர் கடை வாசலில் வரிசையில் நின்றன.

காப்புக்கண்ணர் என்பது அவரே தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். அதற்கு முன்பு அவர் துணிக்கடைக் கண்ணாடிகளில் ‘மாபெரும் தள்ளுபடி’ என்று வினைல் எனும் பிளாஸ்டிக் தாளில் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். தள்ளுபடியில் லாபமில்லை என்று கண்டு ஞானத்துக்கு மாறினார். கடை அதேதான். வெட்டும் இயந்திரமும் அதேதான். குரல் மட்டும் கனத்துவிட்டது.

அவர் விற்றது ‘காக்கும் கண்’ என்ற ஸ்டிக்கர். அடியில் வெள்ளை வினைல், அதன்மேல் சிவப்பில் விழி, அதற்கும் மேல் கருப்பில் இமை. பார்ப்பதற்கு மூடிய கண். ஆபத்து நெருங்கினால் இமை தானாக மேலே ஏறி, சிவந்த விழி தெரியுமாம். உடனே ஓடிவந்து இன்னொரு இமை ஒட்டிக்கொள்ள வேண்டும். அதுவும் திறந்தால் இன்னொன்று. சில வண்டிகளில் அடுக்குமேல் அடுக்காக ஏறிக் கண் வீங்கிப்போயிருந்தது. டாக்டரிடம் காட்டவேண்டிய கண்கள் அவை.

அவர் ஒட்டும் விதம்தான் பக்தர்களை உருக வைத்தது. வெள்ளையையும் சிவப்பையும் அட்டையால் தேய்த்துச் சாதாரணமாக ஒட்டுவார். கருப்பு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பார். மேல் விளிம்பை நன்றாக அழுத்திவிட்டு, மிச்சத்தை இரண்டு கையாலும் பிடித்து, கீழே இழுத்து இழுத்து ஒட்டுவார்.

“எதுக்குங்க இவ்ளோ இழுக்கிறீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“உங்க ஆயுசை நீட்டுறேன்.”

கேட்டவர் கைகூப்பினார். ஆயுசை நீட்டியவர் அடுத்ததாகக் கையை நீட்டினார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, பள்ளி வேன் ஓட்டும் அக்காவின் வண்டியில் கண் திறக்கும் வரை.

வேன் அக்கா இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. காலையில் டயர், பிரேக், விளக்கு எல்லாம் பார்ப்பார், கிளம்புவார். ஸ்டிக்கர் ஒட்ட வைத்தது அவருடைய வீட்டுக்காரர். பெரிய வண்டி என்பதால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒரு மத்தியானம் இடப்பக்கக் கண் செக்கச்செவேலென்று விழித்துக்கொண்டது.

சாயங்காலமே பெற்றோர்கள் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றவர் வங்கி மேலாளர். யார் எந்தக் கையெழுத்தைக் காட்டினாலும் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்குகிறவர். ஸ்டிக்கரை மட்டும் சந்தேகப்படவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. திங்கக்கிழமையிலேர்ந்து பசங்களை வேற வண்டியில அனுப்புறோம்.”

“பிரேக் பார்த்தீங்களா சார்? டயர் பார்த்தீங்களா?”

“அதெல்லாம் எதுக்கும்மா? கண்ணுதான் சொல்லிடுச்சே!”

அந்த வேன்தான் அந்த வீட்டுக்குச் சோறு. அக்காவுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. “இன்னொரு இமை ஒட்டிடலாம், பேசாம இரு” என்றார் வீட்டுக்காரர். அக்கா பேசாமல்தான் வேனைச் சுற்றி வந்தார். கண் திறந்த பக்கம் மத்தியானத்திலிருந்தே மேற்கு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கண் மூடிய பக்கம் சுவர் நிழல்.

“ஏங்க, ஆபத்து பாதி வண்டிக்குத்தான் வருமா?”



ஞாயிற்றுக்கிழமை கடை நிரம்பி வழிந்தது. அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய் அதே கேள்வியைக் கேட்டார். காப்புக்கண்ணர் அசரவில்லை.

“வலது கண்ணு கொஞ்சம் பொறுமைசாலிம்மா.”

கூட்டம் ‘ஆகா’ என்றது. “கடையைச் சாத்துறேன்” என்று அவர் சொன்னால்கூட அதையும் தத்துவமாக எடுத்துக்கொள்ளும் கூட்டம் அது.

சுவரில் மாதிரிக்காக ஒரு பலகை மாட்டியிருந்தது. அதில் வரிசை வரிசையாக மூடிய கண்கள், ஏசிக் குளிரில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

“இதெல்லாம் உங்க கையால ஒட்டினதுங்களா?” என்றார் அக்கா.

“ஒவ்வொண்ணும்!”

“இதுக்கு ஆபத்து எதுவும் இல்லையே?”

“என் பக்கத்துல ஆபத்து வருமாம்மா?”

அக்கா பையிலிருந்து தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரை எடுத்தார். பிளக்கில் சொருகினார். பலகைக்கு நேராகப் பிடித்தார்.

முதல் கண்ணின் இமை நெளிந்தது. சுருங்கி மேலே ஏறியது. சிவப்பு! அடுத்ததும் திறந்தது. அதற்கடுத்ததும். பலகை முழுக்கக் கண்கள் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு காப்புக்கண்ணரையே பார்த்தன.

“ஐயோ, சாமிக்கு ஆபத்து!” என்று ஒருவர் அலறினார். கூட்டத்தில் நின்ற வங்கி மேலாளர் நைசாக வாசல் பக்கம் நகர்ந்தார்.

அந்த நேரத்திலும் காப்புக்கண்ணர் தப்பியிருக்கலாம். ‘உங்கள் ஆபத்தையெல்லாம் நான் வாங்கிக்கொண்டேன்’ என்று சொல்லியிருந்தால் வசூல் இரட்டித்திருக்கும். ஆனால் தன் கைவேலையைக் கண்ணெதிரே கெடுத்தால் எந்தத் தொழில்காரருக்குப் பொறுக்கும்? ஞானி ஒதுங்கிக்கொள்ள, பழைய ஸ்டிக்கர்காரர் வெளியே குதித்தார்.

“நிறுத்தும்மா! இழுத்து ஒட்டின வினைல்ல சூடு காட்டினா சுருங்காதா? இதுகூடவா தெரியாது?”

அக்கா டிரையரை அணைத்தார்.

“இப்பத் தெரிஞ்சுக்கிட்டோங்க” என்றார் அக்கா. “அப்ப என் வேன்ல கண்ணைத் திறந்தது ஆபத்தா, வெயிலா?”

மேசைமேல் கிடந்த சிவப்பு விழியின்மீது ஒரு கருப்பு இமையை, கொஞ்சமும் இழுக்காமல், அக்காவே படிய வைத்துத் தேய்த்தார். அதே சூட்டைக் காட்டினார். இமை அசையவே இல்லை. இதற்குள் யாரோ ஓடிப்போய்க் காப்புக்கண்ணரின் காரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதில் கண் எதுவும் இல்லையாம். சீட் பெல்ட் இருந்ததாம்.

அன்று சாயங்காலம் தெரு முழுக்க நகத்தால் ஸ்டிக்கர் உரிக்கிற சத்தம். இத்தனை நாளும் அவர் இவர்களை உரித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பிள்ளைகள் எல்லோரும் பழையபடி வேனில் ஏறினார்கள். வங்கி மேலாளர் மகளை ஏற்றிவிட்டு, தயங்கித் தயங்கி ஜன்னலருகே வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று அக்கா நினைத்தார்.

“அம்மா, அந்த டிரையரை எங்க வாங்கினீங்க? அதுல ஏதோ சக்தி இருக்கும்போல. எங்க வீட்லயும் ஒண்ணு இருந்தா நல்லதுன்னு...”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அது தலைக்கு வெளியில வேலை செய்யற மெஷின் சார். உள்ளே ஒண்ணு வச்சிருக்கீங்களே, அதுக்குக் கரண்டுகூட வேண்டாம். தினம் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்க, சும்மா கிடந்து துருப்பிடிச்சிடப் போகுது!”