தலைவரின் கூட்டமும் கப்பல்காரரின் கூலியும்

விளையாட்டுக்குள் காசு நுழையக் கூடாது. நுழைய வந்தால் அதன் காலை ஒடித்து அனுப்புவது என்று தலைவர் முடிவெடுத்தார். அப்போது அவர் குளியலறையில் இருந்தார். வெளியே மனைவி கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். பெரிய முடிவுகள் எல்லாம் இப்படி இடைஞ்சலுக்கு நடுவேதான் பிறக்கின்றன.

அவருக்குத் தலைவர் என்று பெயர் வைத்தது பேருந்துப் பணிமனை. ஓய்வு கொடுத்து அனுப்பிய நிர்வாகத்தால் அந்தப் பெயரைத் திரும்ப வாங்க முடியவில்லை. வேலைநிறுத்தத்தில் அவரோடு சிறைக்குப் போனவர்களில் சிலர் பிற்பாடு நிர்வாகத்தின் குளுகுளு அறைக்குள்ளும் போனார்கள். அவர் போகவில்லை. அவரை யாரும் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

கையில் இப்போது தொழிற்சங்கம் இல்லை. வாயில் பேச்சு இருந்தது. வீட்டு முன்னறையில் மனைவி தையல் மிஷின் போட்டு, கால்சட்டை நீளம் குறைப்பது, கோட்டுக்குக் கை வெட்டுவது, ஜிப் மாற்றுவது என்று பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தாள். அளவுக்கு வந்தவரை நிற்க வைத்து அவள் துணியில் ஊசி குத்தி முடித்ததும் தலைவர் தொடங்குவார். சுற்றிலும் ஊசி குத்திய மனிதனால் ஓட முடியாது. ஒருமுறை, "இந்தக் கூலிக்கு இவளிடம் தைக்கிறீர்களே, இது சுரண்டல் இல்லையா?" என்று ஒரு வாடிக்கையாளரைக் கேட்டார். சுரண்ட விரும்பாத அந்த நல்ல மனிதர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. பட்டன் தைத்துக் கொடுக்க வரும் எதிர்வீட்டுப் பெண்மணி, அவளை எல்லோரும் பட்டன் அக்கா என்பார்கள், தலைவர் வாய் திறந்தால் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகிவிட்டாள்.

குளியலறை முடிவுக்குச் சில வாரம் முன்புதான் மனைவி ஒரு பழைய டேப்லெட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"என்ன இது?"

"விளையாட்டுங்க. துறைமுகப் பட்டணம். உலகம் பூரா ஆளுங்க வந்து மீன் பிடிக்கிறாங்க, படகு கட்டறாங்க, வீடு கட்டறாங்க."

"சின்னப் பிள்ளை விளையாட்டு எனக்கெதுக்கு?"

"நடுவுல ஒரு சதுக்கம் இருக்கு. அதுல ஒரு மேடை இருக்கு. யாரு வேணாலும் ஏறிப் பேசலாம்."

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எவ்வளவு நேரம்?"

"அது அவங்கவங்க சாமர்த்தியம்."

முதல் நாள் மூன்று பேர் கேட்டார்கள். ஒன்று வாத்து. அந்த ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் எந்த வேடமும் போடலாம். யாரோ வாத்தாக வந்திருந்தார்கள். அடுத்த வாரமே சதுக்கம் நிரம்பி வழிந்தது. இரும்புக் கவசம் போட்டவன் ஒருவன் பேச்சின் உருக்கம் தாங்காமல் கண்ணீர் விட்டான். தலைவர் மாலையானால் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் முழங்கினார். முன்னறையில் மிஷின் நிம்மதியாக ஓடியது.

"பார்த்தியா? ஒருத்தனுக்கும் வண்டி அனுப்பலை. கைக்காசு கொடுக்கலை. தானா வர்றான். நம்ம ஊர்ப் பெரிய மனுஷங்க கூட்டத்துக்கு ஆள் பிடிக்கிற மாதிரியா இது?"

"அதெப்படிங்க அது மாதிரி ஆகும்?" என்று மனைவி நூலைப் பல்லால் கடித்தாள்.

இந்த நேரத்தில்தான் ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் ஓர் அறிவிப்பு விட்டது. ஆட்டத்தில் சம்பாதித்த மீனையும் படகையும் நாணயத்தையும் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் நிஜப் பணத்துக்கு விற்க இதுவரை தடை இருந்தது. தடையை எடுக்கலாமா, கூடாதா? ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட வேண்டும். குளியலறைத் தீர்மானம் இதைப் பற்றியதுதான்.

தலைவர் அதுவரை கேட்ட எந்தக் கோரிக்கையும் முழுதாக வென்றதில்லை. கால் வெற்றி, அரை வெற்றி, பரிசீலிக்கிறோம் என்ற பதில். இந்த ஓட்டை மட்டும் முழுதாக வென்றுவிட வேண்டும். சதுக்கமே அவர் கையில் இருந்தது.

"உழைச்சுக் கட்டின படகும் பர்ஸைத் திறந்து வாங்கின படகும் பக்கத்துல பக்கத்துல மிதக்கலாமா?" என்று அன்று மேடையில் கேட்டார். "பணக்காரன் நிஜத்துலயும் பணக்காரன், இங்கயும் பணக்காரனா? ஏழை தப்பிச்சு ஓடி வந்த கடைசி ஊரும் இதுதான். இதையும் விலை பேசலாமா?"

வாத்து இறக்கையை அடித்துக் கரகோஷம் செய்தது.

அதே பேச்சை முன்னறையிலும் சொல்லிப் பார்த்தார்.

"அதுல என்னங்க தப்பு?" என்றாள் பட்டன் அக்கா, எதிர்பாராத விதமாக விழித்திருந்து. "பகல் பூரா குந்தி மீன் பிடிக்கிறான். வித்துட்டுப் போறான்."

"விளையாட்டு வேற, வேலை வேற அக்கா."

"ஒருத்தருக்கு விளையாட்டு, இன்னொருத்தருக்கு வேலைங்க," என்றாள் மனைவி. "உங்களுக்கு மேடை இருக்கு. மேடைக்குக் கீழ நிக்கிறவனுக்கு வயிறு இருக்காதா?"

"தத்துவம் தெரியாம பேசாதே."

"சரிங்க."

மறுநாள் தலைவர் மிகைநேர ஊதியத்தைப் பற்றிப் பேசினார். ஒத்துக்கொண்ட நேரத்துக்கு மேல் ஒருவனிடம் வேலை வாங்கினால் அது திருட்டு. இரட்டைக் கூலி கொடுத்தாலும் பாதித் திருட்டு. கூட்டம் அசந்து நின்றது. பேச்சு முடிந்ததும் வாத்தும் கவசக்காரனும் இன்னும் நாலைந்து பேரும் மேடைக்குப் பின்னால் வந்தார்கள். வாத்து எப்போதும் பேசாது, எழுதியே காட்டும்.

"தலைவரே, எங்களுக்கு ஒரு தொழில் தகராறு," என்று எழுதியது.

தலைவருக்கு உடம்பெல்லாம் புது ரத்தம் ஓடியது. "சொல்லுங்க தோழர்."

கவசக்காரன் குரலைத் தாழ்த்தினான். "கப்பல்காரர்னு ஒருத்தர் இருக்கார். தாடி வச்சிருப்பார். எங்களை வேலைக்கு வச்சிருக்கார். ஆட்ட நாணயத்துல கூலி. நாங்க அதைத் திருட்டுத்தனமா வெளிய வித்துக் காசாக்கிக்கிறோம்."

"அது தப்புதான். அதை அப்புறம் பார்ப்போம். என்ன அநியாயம் பண்றான்?"

"அரை மணி நேரம்னு சொல்லித்தான் சேர்த்தார். தினம் ரெண்டு மணி நேரம் ஆகுது."

"அயோக்கியன்! என்ன வேலை?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நின்னுக்கிட்டே செய்யற வேலை."

"உட்கார விடறதில்லையா?"

"உட்கார்ந்தா தூங்கிடுவோம்."

"உடம்புக்குக் கெடுதலா?"

"காதுக்கு."

"இரைச்சலான இடமா?"

"ஒரே ஒரு இரைச்சல்தான் தலைவரே. ஆனா நிக்காது."

"நடுவுல ஓய்வு?"

"நடுநடுவுல கையைத் தட்டச் சொல்றார். அதான் ஓய்வு."

தலைவர் இப்படி ஒரு தொழிலைக் கேள்விப்பட்டதே இல்லை. பறவை விரட்டும் வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பணிமனையில் டீசல் புகைக்குள் எட்டு மணி நேரம் நின்றவர்களைக்கூட இப்படி யாரும் வதைத்ததில்லை. "நாளைக்கு ஒருத்தரும் வேலைக்குப் போகாதீங்க. வேலைநிறுத்தம்!" என்று அந்த இடத்திலேயே அறிவித்தார்.

மறுநாள் மாலை மேடை ஏறினார். சதுக்கத்தில் ஒரு ஈ, காக்காய் இல்லை.

தலைவர் புல்லரித்துப்போய் முன்னறைக்கு ஓடி வந்தார். "ஒருத்தன் வரலைம்மா! என் கூட்டத்துக்கு வர்ற அத்தனை பேரும் அந்தக் கப்பல்காரன்கிட்டதான் வேலை பார்க்கிறாங்க போல இருக்கு. அத்தனை பேரும் போராட்டத்துல! எப்படிப்பட்ட ஒற்றுமை!"

"உங்க பேச்சோட மகிமைங்க."

கேட்க ஆள் இல்லாததால் அன்றைய பேச்சை அவர் முன்னறையிலேயே பேசினார். கோட்டுக்குக் கை குறைக்க வந்தவர் ஊசிகளோடு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாளே கப்பல்காரர் பேச்சுவார்த்தைக்கு வந்தார். பெரிய தாடி, பெரிய தொப்பி. தொண்டை கட்டியிருக்கிறது, எழுதித்தான் பேசுவேன் என்றார். அவர் எழுதத் தொடங்கும்போதெல்லாம் முன்னறையில் மிஷின் நின்றது. பேச்சுவார்த்தைக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது என்கிற அறிவு இவளுக்காவது இருக்கிறதே என்று தலைவர் மகிழ்ந்தார்.

"அரை மணி நேரம்தான் வேலை. அதுக்கு மேல இரட்டைக் கூலி," என்றார் தலைவர்.

"சம்மதம்," என்று கப்பல்காரர் எழுதினார்.

தலைவர் திகைத்தார். நிர்வாகம் முதல் வார்த்தையிலேயே சம்மதித்து அவர் பார்த்ததில்லை.

"ஆனா ஒரு சிக்கல்," என்று கப்பல்காரர் தொடர்ந்தார். "காசுக்கு விற்கத் தடை இருக்கிற வரைக்கும் நான் கொடுக்கிற கூலியே திருட்டுக் கூலி. நிறுவனம் பிடிச்சா இவங்க கணக்கை எல்லாம் முடக்கிடும். திருட்டுக் கூலிக்கு எப்படி ஒப்பந்தம் எழுதறது? நீங்களோ ஞாயித்துக்கிழமை தடை நீடிக்கணும்னு ஓட்டுக் கேக்கறீங்க. முடிவு உங்க கையில."

தலைவர் டேப்பைக் கட்டில்மேல் வைத்துவிட்டு முன்னறைக்குப் போனார். மனைவி எதையோ துணிக்கு அடியில் தள்ளிவிட்டு ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள்.

"ஒரு சந்தேகம். கொள்கை பெரிசா, கூலி பெரிசா?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் தையல்காரி."

"சும்மா சொல்லு."

"மறைச்சு வாங்கற கூலியை எவன் பிடுங்கினாலும் வெளிய சொல்ல முடியாது. வெளிச்சத்துல வாங்கினா சண்டை போட்டாவது வாங்கலாம். பணக்காரன் படகு வாங்குவான்னு பயந்து, மீன் பிடிக்கிறவன் கையைக் கட்டினா எப்படிங்க?"

"இவ்வளவு நேரமா இதைத்தான் நான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்," என்று தலைவர் திரும்பினார்.

சனிக்கிழமை மாலை சதுக்கம் மறுபடி நிரம்பியது. தலைவர் மேடை ஏறினார். "தோழர்களே, ஒருத்தருக்கு விளையாட்டு, இன்னொருத்தருக்கு வேலை! தடை யாரைக் காப்பாத்துது? மறைச்சு வேலை வாங்கறவனைக் காப்பாத்துது. கூலியை வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க. தடையை எடுங்க!" வாத்து குதித்தது. கவசக்காரன் வழக்கம் போல அழுதான். சரியாக அரை மணி ஆனதும் கூட்டம் மொத்தமும் பாதி வாக்கியத்தில் மறைந்துபோனது. போராடிப் பெற்ற உரிமையை உடனே அனுபவிக்கிறார்கள், தன் பேச்சைக்கூட விட்டுவிட்டு அடுத்த வேலைக்கு நேரத்தோடு ஓடுகிறார்கள் என்று தலைவருக்கு நெஞ்சு நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டில் தடை நீங்கியது. பெரிய வித்தியாசத்தில் நீங்கியது. வாழ்க்கையில் முதல் முறையாக முழு வெற்றி. எந்தப் பக்கம் நின்று தொடங்கினார் என்பதை அவர் மறந்தே போனார். வெற்றியை அறிவிக்க முன்னறைக்கு விரைந்தவர் வாசலில் நின்றார். மனைவி கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்கம்மா, கப்பல்காரர்தான் பேசறேன்... இனிமே பயமில்லை, பணத்தை நேரா அனுப்பிடலாம்... எத்தனை பேர் வேணும்?... அழறதுக்கு ஆள் உண்டு, அதுக்குத் தனி ரேட்டு... வாத்தா? கேட்டுச் சொல்றேன். அக்கா, நாளைக்கு வருவீங்களா?"

பட்டன் அக்கா நூலை இழுத்தபடி தலையாட்டினாள்.

கைபேசியை வைத்ததும் மனைவி அவரைப் பார்த்தாள். கொஞ்சமும் கலங்கவில்லை.

"நீதானா அந்தத் தாடி?"

"ஆமாங்க."

"அப்போ என் கூட்டம்?"

"கூலிக்குத்தாங்க."

"கைதட்டல்?"

"அது கூலியிலயே சேர்த்தி."

"அந்தக் கவசக்காரன் கண்ணீர் விட்டானே!"

"அதுக்குத் தனியா கொடுத்தேன்."

"எதுக்கு?"

"என் வாடிக்கைக்காரங்க ஊசியோட ஓடினா நான் என்னங்க பண்றது? முதல்ல உங்களுக்கு மட்டும்தான் ஏற்பாடு பண்ணேன். அப்புறம் தலைமையாசிரியர் வீட்டம்மா கேட்டாங்க. அவரும் ஓய்வு பெற்றுட்டு வீட்டுலதான் இருக்காராம். அப்புறம் கோர்ட்டு குமாஸ்தா வீட்டம்மா. இப்போ தையலைவிட இதுலதான் வரும்படி. நீங்க பாட்டுக்கு ஊரைக் கூட்டிக் காசு கூடாதுன்னீங்க. அந்த ஊரையே நான் காசு கொடுத்துல்ல கூட்டி வச்சிருந்தேன்?"

"அந்த வேலைநிறுத்தம்?"

"உங்க மனசு மாறணும்னா ஒரு தொழிலாளி வந்து அழணும். வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டீங்களே."

ஆனால் தலைவர் அப்படியெல்லாம் வீழ்கிறவர் இல்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"எப்படியோ, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அரை மணிக்கு மேல வேலை வாங்கினே, நானே உன் வாசல்ல கொடி கட்டுவேன்."

"தாராளமா. உங்க ஒப்பந்தத்தை நம்பித்தாங்க ஆளுங்க இப்போ வரிசையில நிக்கிறாங்க." மனைவி எழுந்து, டேப்பைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். "சாயங்காலம் தலைமையாசிரியர் பேசறார். கூட்டத்துல ஒரு ஆள் குறையுது. நீங்க போய் நில்லுங்க."

"நானா? கூலிக்குக் கை தட்டவா?"

"உழைப்புல கேவலம் ஏதுங்க?"

அதற்கு மறுப்புச் சொல்ல அவர் எழுதிய துண்டுப் பிரசுரங்கள் ஒன்றிலும் இடம் இல்லை. தலைவர் டேப்பை நிமிர்த்திப் பிடித்தார். தலையையும் நிமிர்த்தினார்.

"தலைப்பு என்ன?"

"நேரந்தவறாமை. ரெண்டு மணி நேரம் பேசுவாராம். உங்களுக்கு அரை மணி கழிச்சு இரட்டைக் கூலி." அவள் மிஷினில் உட்கார்ந்து துணியை இழுத்தாள். "ஒண்ணுங்க. நடுவுல நீங்க பேச ஆரம்பிச்சா, கூலியில பிடிச்சுக்குவேன்."