இருபத்து நான்கு வினாடிக்கு நான் பொறுப்பு

15ஆம் தேதி, புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிகாரக் கடையின் சுவரில் தொங்கும் அத்தனை கடிகாரங்களும் ஒரே மணியைக் காட்டி, வாடிக்கையாளர் கூட்டம் வாசல் வரை நிற்க வேண்டும் என்று விரும்பி எழுதுவது. இங்கே நான், உங்கள் சம்பந்தியம்மாள், உங்கள் மருமகள் மூவரும் சுகம். உங்கள் மகனும் சுகம். நடுவில் நான்கு நாள் என்னோடு பேசாமல் இருந்தார். முந்தாநாள் முதல் பேசுகிறார்.

உங்கள் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் கிடைத்தது. வீட்டில் சும்மா இருந்த மாமனாரைக் கொண்டுபோய் சர்வதேச மேஜையில் உட்கார வைத்த உங்கள் மகனுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். யாரோ உங்களுக்குப் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போயிருக்கிறார். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. உங்களுக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. ஆண்கள் அணி எட்டு, பெண்கள் அணி எட்டு என்று நாடு நாடாக வந்து ஆடுகிற கூடைப்பந்துப் போட்டியில் மைதான ஓரத்து மேஜையில் உட்கார்ந்து புள்ளியும் நேரமும் குறிக்கிற ஆட்களுக்கெல்லாம் தலைவராக உங்கள் மகனைப் போட்டிருக்கிறார்கள். இதைப் புகார் இல்லாமல் முடித்துக் கொடுத்தால் அடுத்த வருஷம் உலகப் போட்டியின் மேஜைக்கு அவரை அனுப்புவார்கள். அதற்காக ஒன்பது வருஷமாகச் சம்பளமில்லாத லீவு போட்டு ஊர் ஊராக விசில் சத்தம் கேட்டுக்கொண்டு திரிந்தவர் அவர். உங்கள் மருமகள் இப்போதே பெரிய பயணப் பெட்டி ஒன்று வாங்கி, கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டாள். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் மேஜையில் உட்கார்ந்தேன்.

நானாகப் போய் உட்காரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்தில் பந்து ஒரு அணியின் கைக்கு வந்தால் இருபத்து நான்கு வினாடிக்குள் கூடையைப் பார்த்து எறிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஹாரன் அடிக்கும், பந்து எதிரணிக்குப் போகும். அந்த வினாடிகளைக் காட்ட இரண்டு கூடைக்கும் மேலே ஒவ்வொரு பெட்டி. அவற்றை ஓட்டவும், மறுபடி முதலிலிருந்து தொடங்கவும் மேஜையில் பொத்தான்கள். பொத்தான் அழுத்துகிறவருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. மாப்பிள்ளை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலை டைம் ஆபீஸில் சைரன் ஊதிய ஆளை எதிரே வைத்துக்கொண்டு ஏன் கவலைப்படுகிறீர்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். நேரம் என் உடம்பில் ஓடுகிறது, சம்பந்தி. எட்டு மணி என்றால் எனக்கு முதுகு சொல்லும். கல்யாணத்தன்று நீங்கள் என் கையில் கட்டிவிட்ட வாட்சைக்கூட உங்கள் மேலுள்ள மரியாதைக்காகத்தான் தினமும் கட்டிக்கொள்கிறேனே தவிர, மணி பார்ப்பதற்காக அல்ல.

ஒன்பதாம் தேதி பெண்கள் ஆட்டம். நம் பெண்களுக்கும் வெளிநாட்டுப் பெண்களுக்கும். முதல் பாதி முழுக்க என் மேல் ஒரு குறை சொல்ல முடியாது. மூன்றாம் பகுதியில் அந்த அணியில் குள்ளமாக, குதிரைவால் போட்ட ஒரு பெண், பந்தைத் தட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வருகிறாள். பெட்டியில் இரண்டு வினாடிதான் பாக்கி. நீங்களே சொல்லுங்கள். ஷிப்டுக்கு நேரமாகி டிபன் பாக்ஸ் குலுங்க கேட்டைப் பார்த்து ஓடி வருகிறவன் மூஞ்சியில் நான் ஒருநாளாவது சைரன் ஊதியிருக்கிறேனா? அவன் உள்ளே கால் வைக்கிற வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டுதானே இருப்பேன்? அந்தக் கை சும்மா இருக்குமா, அழுத்திவிட்டது. இரண்டு மறுபடி இருபத்து நான்காகிவிட்டது. அந்தப் பெண் நிதானமாக நின்று, எறிந்து, பந்தும் உள்ளே போனது. எதிரணி என்றெல்லாம் நான் பார்க்கவில்லை. எந்த டிபார்ட்மெண்ட் என்று பார்த்தா சைரன் ஊதுவார்கள்?

பெரிய ரகளையாகிவிட்டது. பன்னிரண்டு நிமிஷம் ஆட்டம் நின்றது. டிவியில் போட்டுப் பார்த்து அந்தக் கூடையைக் கணக்கில் இல்லை என்று எடுத்துவிட்டார்கள். நம் பெண்கள் எப்படியும் ஒன்பது புள்ளியில் ஜெயித்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் போட்டிக் கமிட்டிக்காரர்கள் உங்கள் மகனைத் தனி அறைக்குக் கூப்பிட்டு, இன்னொரு தரம் இந்த மேஜையிலிருந்து தப்பு வந்தால் உலகப் போட்டியை மறந்துவிடு என்று சொல்லியிருக்கிறார்கள். இதை உங்களிடம் மறைக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து வீட்டில் எனக்கு வேண்டியதையெல்லாம் உங்கள் மருமகள் வழியாகக் கேட்க ஆரம்பித்தார்.

வேறு ஆள் கிடைக்காததால் என்னை அனுப்பவும் முடியவில்லை. பொத்தானைப் பிடுங்கி மேஜையிலிருந்த ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு, எனக்கு அவன் வைத்திருந்த ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் எழுதிய பலகைகளைக் கொடுத்தார்கள். ஒருவன் எத்தனை தப்பாட்டம் ஆடினானோ அந்த எண்ணைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஐந்தானால் வெளியே. மெமோ மாதிரிதான். மூன்றாவது மெமோவிலேயே கூப்பிட்டுப் புத்தி சொல்வது என் வழக்கம். பதிமூன்றாம் தேதி ஆண்கள் ஆட்டத்தில் நம் எதிரணியில் ஏழடிக்கு வளர்ந்த ஒருவனைக் கைகாட்டிக் கூப்பிட்டு, தம்பி, குடும்பத்தை நினைச்சுப் பாருன்னு சொன்னேன். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் குனிந்து நின்று கேட்டுக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஆட்டம் முடிகிற வரை ஒருத்தரையும் அவன் தொடவில்லை.

கடைசிப் பகுதியில்தான் கரண்டு சதி செய்தது. விளக்கெல்லாம் எரிகிறது, புள்ளிப் பலகையும் வினாடிப் பெட்டிகளும் மட்டும் அணைந்துவிட்டன. ஒரே ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தது. அதை மொத்த ஆட்ட நேரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இருபத்து நான்கு வினாடிக்கு ஒன்றும் இல்லை. பொத்தான்காரப் பையன் வாட்சே கட்டுவதில்லையாம், போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்களாம். நான்கு நாள் கழித்து உங்கள் மகன் வாயைத் திறந்தார்.

"மாமா, உங்க வாட்ச்ல செகண்ட் முள் இருக்கா?"

"எங்க சம்பந்தி குடுத்த வாட்ச் மாப்ள. அதுல எல்லாம் இருக்கு."

வெளிநாட்டுத் தலைமை நடுவரம்மாள் மைதான நடுவிலிருந்து தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். நான் கையை உயர்த்தி உங்கள் வாட்சைக் காட்டினேன். சரி என்று தலையாட்டினார். அவ்வளவுதான், எழுந்து நின்றேன். கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. இடது கையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, வலது கை விரல்களால் காட்டிக்கொண்டு, பத்து ஒன்பது எட்டு என்று எங்கள் பாய்லர் சத்தத்தைத் தாண்டிக் கேட்ட குரலில் எண்ணினேன். ஒரு ஆட்டக்காரனும் குழம்பவில்லை. முப்பது வினாடி பாக்கி இருக்கும்போது நாம் ஒரு புள்ளி பின்னால், பந்து அவர்களிடம். அவர்கள் எறியாமல் கைமாற்றிக் கைமாற்றி நேரத்தைக் கடத்தினார்கள். அந்த ஏழடிக்காரன் கடைசியில் எறிவதற்குக் கையைத் தூக்கினான். புத்தி சொன்ன பையன், மனசு இளகத்தான் செய்தது. பொத்தானைத் தேடிய கையை மேஜைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, முடிஞ்சுதுன்னு கத்தினேன். நடுவரம்மாள் விசில் அடித்தார். மிச்சமிருந்த ஆறு வினாடியில் நம் பையன்கள் ஓடிப்போய்ப் போட்டார்கள். ஒரு புள்ளியில் ஜெயித்தோம். எதிரணிப் பயிற்சியாளர் துண்டை வீசி எறிந்து சண்டைக்கு வந்தபோது, நடுவரம்மாள் என் கையிலிருந்த வாட்சைச் சுட்டிக் காட்டினார், அவர் அடங்கிவிட்டார். கமிட்டித் தலைவரே வந்து உங்கள் மகனுக்குக் கைகொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பாடு முடிகிற மட்டும் நான் நிமிரவே இல்லை, கண் கலங்கிவிட்டது.

ஆகவே சம்பந்தி, உங்கள் கோபத்தை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். குரல் என்னுடையது, வாட்ச் உங்களுடையது, பெயர் நம் பிள்ளைக்கு. சனிக்கிழமை இறுதி ஆட்டம், ஆண்களும் பெண்களும் ஒரே நாளில். இந்தப் பெட்டிகளை நம்ப முடியாது என்று கமிட்டியே என்னை வாட்சோடு மேஜைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு முன்வரிசையில் டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு அவசியம் வாருங்கள்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். உங்கள் கடைசிப் பெண்ணின் பரீட்சை நல்லபடியாக முடிய என் ஆசி. வீட்டில் எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி,
டைம் கீப்பர் (ஓய்வு)

பி.கு.: கடிதம் முடித்த நேரத்தைக் குறிக்கலாம் என்று கண்ணாடி போட்டுக்கொண்டு, இந்த வாரத்திலேயே முதல் தடவையாக உங்கள் வாட்சைப் பார்த்தேன். செகண்ட் முள் அசையவில்லை. தேதிக் கட்டத்தில் பதினொன்று என்றிருக்கிறது. ஆட்டம் நடந்தது பதிமூன்றாம் தேதி. என் எண்ணிக்கையில் சந்தேகம் வேண்டாம், வினாடி பிசகியிருக்காது. ஆனால் ஆயுசுக்கும் நிற்காது என்று சபையில் சொல்லிக் கட்டிவிட்டது நீங்கள், ஓடுகிறது என்று உலகத்துக்கே தூக்கிக் காட்டியது நான். சனிக்கிழமை வரும்போது சட்டைப் பையில் ஒரு பாட்டரி போட்டுக்கொண்டு வாருங்கள், கைகழுவும் இடத்தில் வைத்து மாற்றிவிடலாம். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.