மருமகளைத் திரும்ப அழைத்துப் போக வேண்டி

மதிப்பிற்குரிய அண்ணன் யாஹெய் அவர்கள் திருமுன், குரிசாவாவிலிருந்து தங்கை ஒமாசா பாயில் நெற்றி பட வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே மலையில் இலைகள் சிவந்து, உதிர்ந்தும் போய்விட்டன. காலையில் வாளித் தண்ணீரின் மேல் பனித்தகடு படிகிறது. அங்கே அண்ணியும் பிள்ளைகளும் இரண்டு குதிரைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நானும் சுகமே என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இடது பக்க இடுப்பு ஒரு மாதமாக என் பேச்சைக் கேட்பதில்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

கோடையில், முன்னோர் திருநாள் முடிந்த கையோடு, உங்கள் பக்கத்து ஊரிலிருந்து ஒசேன் என்ற பெண்ணை என் மகன் தொமேகிச்சிக்குக் கொண்டுவந்து கட்டிவைத்தீர்கள். சிவப்புப் பயறு போட்ட சோற்றை மூன்று கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு தங்கம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டா" என்று சொன்னீர்கள். அது உண்மைதான். வாயைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. மற்றதைப் பற்றி விசாரிக்காமல் விட்டீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். அந்த வார்த்தையை எழுத என் தூரிகை கூசுகிறது. கூசுகிறது என்று எழுதினாலே பாதி எழுதிய மாதிரிதான். முதல் எழுத்தைக் குறிலாக்கி, இரண்டாம் எழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் கெட்ட மாமியார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதால் முதலில் அவள் நல்லதை எல்லாம் சொல்லிவிடுகிறேன். விடிவதற்குள் எழுந்து தண்ணீர் சுமந்தாள். வயலில் தொமேகிச்சிக்கு ஈடாக அறுத்தாள். நான் குறை கண்டுபிடிக்கலாம் என்று பானையின் அடியைத் திருப்பிப் பார்த்தேன், அடியும் பளபளத்தது. ஒரு பெண் இப்படிக் குறையே இல்லாமல் இருந்தால் வீட்டில் மூத்தவளுக்கு என்ன வேலை மிச்சம்? இப்படி ஒரு மாதம் போனது. பிறகு அவள் முகம் வாட ஆரம்பித்து, மஞ்சளாகி, சோறு கால் கிண்ணமாகி, குனிந்தால் நிமிர நேரம் பிடித்து, கடைசியில் நடக்கும்போதே இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஊரில் என்ன பேசினார்கள் என்று உங்களுக்கே தெரியும். நான் அந்தப் பெண்ணைப் பட்டினி போடுகிறேனாம். கோயிலில் சாமியாரே என்னிடம் கருணையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். இடையில் மூன்று முறை என் முகத்தைப் பார்த்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவளைக் கணப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து என்ன நோய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். நோயை மறைத்துக் கல்யாணம் கட்டினார்களா என்று கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்டேன். பாயில் கண்ணீர் சொட்ட ஆரம்பித்துவிட்டது.

"நோய் இல்லீங்க அத்தை. காத்துதான். வந்த நாள்லேருந்து விடாம அடக்கி வெச்சிருக்கேன். எங்கம்மா சொல்லித்தான் அனுப்பினாங்க, செத்தாலும் மாமியார் வீட்டுல விட்டுடாதடின்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அண்ணா. மனம் இளகியும் போனது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய தவறு அந்த இளகல்தான்.

"அட பைத்தியக்காரி. காத்து போகாத உடம்புன்னா அது பொணம்தான். இங்க நாம ரெண்டு பேர்தானே இருக்கோம். விட்டுத் தொலை."

"அத்தை, என்னுது கொஞ்சம் பெருசுங்க."

"பெருசுன்னா? வீடு இடிஞ்சா விழுந்துடும்?"

அவள் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். யோசித்தாள். அவள் யோசித்ததையாவது நான் கவனித்திருக்க வேண்டும். பிறகு எழுந்து என் முன்னால் அரிசி மாவு இடிக்கிற உரலை உருட்டிவந்து வைத்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டாள். கிண்டல் செய்கிறாளோ என்று எனக்குக் கோபம். ஆனாலும் மஞ்சள் முகத்தைப் பார்த்து ஒரு கையை மட்டும் உரல்மேல் வைத்தேன். அவள் மூலையில் போய்த் திரும்பி நின்று, சுற்றிக் கட்டியிருந்த மேலங்கியை ஒதுக்கி, மன்னித்துவிடுங்கள் என்று ஒரு முறை சொன்னாள்.

பிறகு நடந்ததை எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. இடிச் சத்தம் என்பதா, மலைச்சரிவு என்பதா. கணப்புச் சாம்பல் முழுக்க ஒரே நேரத்தில் எழுந்து நின்றது. கூரையிலிருந்து தொங்கும் கெண்டி கூரைக்கே திரும்பிப் போனது. நான் காகிதக் கதவைத் திறக்காமலேயே அதன் வழியாக வெளியே வந்து, வேலியைக் கடந்து, பக்கத்து வீட்டு ஸாஹெயின் முள்ளங்கித் தோட்டத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தேன். கீழே ஸாஹெய் எரு போட்டுக்கொண்டிருந்தான். மரியாதை தெரிந்த மனிதன். தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டு, "எங்க, கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டான். பதில் சொல்வதற்குள் வைக்கோல் போரில் விழுந்துவிட்டேன். இடுப்பு மட்டும் போருக்கு வெளியே விழுந்தது.

வீட்டுக்குத் தூக்கிவந்தபோது அந்தப் பெண் வாசலில் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தாள். முகத்தில் மஞ்சள் போய் ரோஜா நிறம் வந்திருந்தது. அதுவே எனக்குப் போதாதா எரிய? வயலிலிருந்து தொமேகிச்சி ஓடிவந்தான். கிழிந்த கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கூரையில் மாட்டிக்கொண்ட கெண்டியைப் பார்த்தான். என் மகன் என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான். அவன் அப்பா பனிச்சரிவில் போய் இந்தக் குளிரோடு மூன்று வருடம். அன்றிலிருந்து அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. முள்ளங்கி வேகவைத்தேன், மீன் சுட்டேன், அவனுக்காகத் திருவிழாவில் முகமூடி போட்டுக்கூட ஆடிக்காட்டினேன், ஒரு பல் தெரிந்ததில்லை. இப்போது பெற்றவள் வைக்கோலோடு கிடக்கிறாள், அவன் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறான். எனக்கு இடுப்பைவிட அதுதான் வலித்தது. அங்கேயே சொன்னேன், இந்தப் பெண் இந்த வீட்டில் இருக்கக் கூடாது, அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்று. சிரிப்பு நின்றது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை அவளுடைய மூட்டையை அவனே முதுகில் கட்டிக்கொண்டான்.

அவள் அழவில்லை. படியிறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "அத்தை, ஊறுகாய்ப் பானைமேல கல்லு ஏத்தி வெச்சிருக்கேன். கனமா இருக்கும். நீங்க தூக்காதீங்க, யாரையாவது கூப்பிடுங்க."

திருப்பி அனுப்பப்படுகிற பெண் ஒரு சாபமாவது விட்டுவிட்டுப் போனால் நமக்கும் நிம்மதி. இப்படிப் பேசிவிட்டுப் போனால் என்ன செய்வது? அன்றைக்கு வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ரொம்ப நிம்மதி. கதவுக்குக் காகிதம் ஒட்டினேன். மதியம் ஆறிப்போன தினைச் சோறு தின்றேன். எதிரில் யாரும் இல்லாததால் யாருக்கும் குறை சொல்லாமலேயே தின்றேன். அது தொண்டையில் இறங்க நேரமானது, ஆறிப்போனதால்தான்.

சாயங்காலம் மணிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மூன்று பொதிக்குதிரைகள், முன்னால் என் மகன், பக்கத்தில் அவள். கணவாயில் நடந்தது இதுதான். அங்கே ஒற்றையாய் நிற்கும் பேரிக்காய் மரம் உங்களுக்குத் தெரியும், கோபுரம் போல் உயரம், காய் எல்லாம் உச்சியில். தலைநகருக்குப் போகிற துணி வியாபாரியும் இரும்புச் சட்டி வியாபாரியும் தாகத்தோடு அதன் கீழே நின்று கல்லெறிந்து கொண்டிருந்தார்களாம். ஒரு காய்கூட விழவில்லையாம். வழியில் ஒரு வார்த்தை பேசாமல் வந்த நம்ம தங்கம் அங்கே நின்று பார்த்துவிட்டு, இதற்குக் கல் எதற்கு, நான் ஒரு காற்றில் இறக்கிவிடுவேன் என்றாளாம். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, இறக்கிவிட்டால் குதிரையும் பொதியும் உனக்கே என்றார்களாம். எப்படியும் மானம் போய்விட்டது, இனி எதற்கு அடக்குவது என்று அவள் நினைத்தாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள். மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். பேரிக்காய் மட்டும் அல்ல, இலையும் காக்கைக் கூடும் சேர்ந்து இறங்கின. வியாபாரிகள் பேச்சு மாறாத மனிதர்கள். அல்லது, பேச்சு மாறினால் அவள் மறுபடி திரும்பி நிற்பாளோ என்று பயந்திருக்கலாம்.

நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். தொமேகிச்சி குதிரையைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"அம்மா, இப்படி ஒரு பொண்ணைத் திருப்பி அனுப்புற அளவுக்கு நாம பணக்காரங்க இல்ல."

அவ்வளவுதான் என் வார்த்தைக்கு மரியாதை. பின்கட்டில் கனத்த பலகை வைத்து அவளுக்கென்று ஒரு தனி அறை கட்டினான். அவளுக்குத் தோன்றும்போது அங்கே போய், முடித்துவிட்டு வரலாம். எனக்கு இந்த வீட்டில் முப்பத்திரண்டு வருடம் ஆகிறது, அழுவதற்குக்கூட ஒரு மூலை கொடுத்தவர் கிடையாது. இப்போது ஊரே அவளைத் தேடி வருகிறது. நெல்லைத் தூற்ற வேண்டும், கொஞ்சம் வந்து நில்லம்மா என்கிறார்கள். ஒரு காலையில் ஐந்து வீட்டுப் பதர் பறந்துபோகிறது. பிள்ளைகள் அவளைப் பற்றிப் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதில் எனக்கும் ஒரு அடி உண்டு, முள்ளங்கித் தோட்டம் வருகிற அடி. முப்பத்திரண்டு வருடம் நான் நட்ட நாற்று, சுமந்த பனி, புதைத்த புருஷன், எதுவும் பாட்டில் இல்லை. பறந்தது மட்டும் இருக்கிறது. குதிரைப் பொதியில் இருந்ததிலேயே உயர்ந்த கருநீலத் துணியை அவள் எனக்கு உடுப்பாகத் தைத்துக் கொடுத்தாள். பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். ஒரே ஒரு தடவை, கோயிலுக்கு மட்டும் உடுத்தினேன், சாமியார் பார்க்கட்டும் என்று. இரவில் இடுப்புக்குச் சூடு போட்டு அமுக்கிவிடுகிறாள். அதையும் சரியான இடத்தில்தான் அமுக்குகிறாள். தாங்க முடியவில்லை, அண்ணா.

ஆகவே கணவாயைப் பனி மூடுவதற்குள் நீங்கள் நேரில் வந்து, நீங்களே கொண்டுவந்த பெண்ணை நீங்களே அழைத்துப் போக வேண்டும். தொமேகிச்சி உங்கள் பேச்சுக்குக் கட்டுப்படுவான். அண்ணிக்கு என் வணக்கம். வருகிற புத்தாண்டில் உங்கள் வீட்டு அரிசிப் பணியாரம் மிருதுவாக வரட்டும், மூட்டுவலி குறையட்டும், குதிரைகள் குட்டி போடட்டும் என்று வேண்டிக்கொள்ளும் அன்புத் தங்கை, ஒமாசா.

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். காகிதம் கிடைப்பது அரிது என்பதால் கிழிக்கவில்லை, இங்கிருந்து படியுங்கள். மை காய்வதற்குள் மலைக்கு அந்தப் பக்கத்து ஒதோயோ ஒரு சிறு பீப்பாய் மதுவோடு வந்து உட்கார்ந்தாள். "நீங்க அந்தப் பொண்ணை அனுப்பப் போறதா கேள்விப்பட்டேன். என் ரெண்டாவது பையனுக்குக் குடுத்துடுங்க. எங்களுக்கு நாப்பது சீமைப்பனிச்சைப் பழ மரம் இருக்கு, ஏற ஆள் இல்ல, இவ காத்து ஒண்ணு போதும்" என்றாள். சந்தையில் குதிரை பார்ப்பதுபோல் ஒசேனைச் சுற்றிப் பார்த்தாள். அந்தப் பெண் தேநீர் ஊற்றினாள். அவள் ஒதோயோவைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, "எந்தக் காத்து? யார் சொன்னா? என் மருமக தும்முறதா இருந்தாக்கூட வெளிய போய்த்தான் தும்முவா. பீப்பாயை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டேன். ஒதோயோ போய்விட்டாள். ஆகவே நீங்கள் வர வேண்டாம். அந்தப் பக்கம் யாராவது கேட்டால், எல்லாம் பொறாமைக்காரர்கள் கட்டிவிட்டது, மரத்திலிருந்த பேரிக்காய் பழுத்துத் தானாக விழுந்தது என்று சொல்லுங்கள். விருந்தாளி இருந்த நேரம் முழுக்க அடக்கிக்கொண்டு இருந்ததில் பாவம் அவள் முகம் சுண்டிவிட்டது. இப்போதுதான் பின்கட்டு அறைக்கு அனுப்பினேன். யாரும் குறுக்கே வந்துவிடாமல் கதவுக்கு வெளியே நான் காவல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். வீடு கொஞ்சம் ஆடுகிறது.